நாய் சொன்ன தேதி

சேலம் அஸ்தம்பட்டியில் புதிதாக நாய், பூனை ஆஸ்பத்திரி திறந்திருக்கும் டாக்டர் கவிதா போன மாதம் என்னை வரச்சொல்லி, புது ஸ்கேன் மெஷினைக் காட்டினார். மேசையில் ஒரு லேப்ரடார் மல்லாந்து படுத்திருந்தது. வயிற்றில் கருவியை வைத்ததும் திரையில் குட்டி தெரிந்தது. யாரும் ஒன்றும் செய்யாமல், குட்டியின் தலையைச் சுற்றி ஒரு பச்சை வளையம் தானாக வந்து உட்கார்ந்தது. பக்கத்தில் எழுத்து வந்தது: வயது நாற்பத்தொரு நாள்.

"ஓனர் சொல்ற தேதியை எங்கம்மா போடணும்?" என்று கேட்டேன்.

"போடவே வேண்டாம் சார். அவங்க என்ன சொன்னாலும் இது கேக்காது" என்று அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் கால்நடை டாக்டர்கள் சங்க மலருக்கு, நம் பக்கத்தில் நாய்களுக்கு ஸ்கேன் வந்த கதையை நான் எழுதித் தர வேண்டுமாம். "நீங்கதானே சார் சேலத்துல முதல் ஆள்?" என்றார் கவிதா. நான் முதல் ஆள் இல்லை. போர்டை முதலில் வைத்த ஆள், அவ்வளவுதான். கேட்ட கதையை எழுத உட்கார்ந்தேன். வேறு கதை வந்தது. மலரில் போடுவதா வேண்டாமா என்பதை கவிதாவே முடிவு செய்யட்டும்.

எடப்பாடிப் பக்கம் விவசாயக் குடும்பம் எங்களுடையது. மனித வைத்தியத்துக்கு மார்க் போதவில்லை. மாட்டு வைத்தியத்துக்குப் போதுமானதாக இருந்தது. படித்து முடித்து நாமக்கல்லில் வேலைக்குச் சேர்ந்தேன். உடன் படித்தவர்கள் எல்லாரும் கோழிப்பண்ணைப் பக்கம் போய் ஐந்து வருடத்தில் கார் வாங்கினார்கள். நாமக்கல்லில் இருந்துகொண்டு கோழியை விட்டுவிட்டு நாயைப் பிடித்தவன் நான் ஒருவன்தான். என் மாமனார் பெண் கொடுத்த வருத்தத்தைக் கடைசி வரை மறைக்கவில்லை.

நாயைப் பிடித்ததற்குக் காரணம் என் மேலதிகாரி தேவசகாயம் சார். ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் பேனாவோடு ஒரு ஆறு அங்குல எவர்சில்வர் ஸ்கேலும் எப்போதும் இருக்கும். நாயைக் கொண்டுவந்தவர் பேசும்போது சார் நாயைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். தன்னை மதிக்கவில்லை என்று பலருக்குக் கோபம் வரும். அவர் மதித்தாரா இல்லையா என்று எனக்கும் தெரியாது.

சினை நாய்க்கு ஸ்கேன் பார்க்க அவரிடம் ஒரு முறை இருந்தது. முதலில் நாயை வெளியே நடத்திச் சிறுநீர் போக விடவேண்டும். வயிற்று முடியை மழிக்க வேண்டும். ஜெல் பாட்டிலை வெந்நீர்ச் சொம்பில் வைத்துச் சூடாக்க வேண்டும். சில்லென்று வைத்தால் நாய் வயிற்றை இறுக்கிக்கொள்ளும். மூத்திரப்பையைக் கண்டுபிடித்து, அங்கிருந்து இடது பக்கம், வலது பக்கம் என்று கர்ப்பப்பையை வரிசையாகப் பார்த்து வரவேண்டும். இருதயத் துடிப்பை எண்ண வேண்டும். தலையை மூன்று குட்டிகளிலாவது குறுக்காக அளக்க வேண்டும். அதை அவர் கையால் எழுதிச் சுவரில் ஒட்டிய அட்டவணையில் வைத்துப் பார்த்தால் குட்டியின் வயது கிடைக்கும். இத்தனையும் முடிந்த பிறகுதான் குறை ஏதும் உண்டா என்று பார்க்கலாம். நான் அவசரப்பட்டால், "எடுத்ததும் குறை தேடாதய்யா, பொண்ணு பாக்கப் போன சம்பந்தி மாதிரி" என்பார்.

அவருடைய ரிஜிஸ்டரில் இணை சேர்ந்த தேதிக்கு இரண்டு கட்டம் இருக்கும். ஒன்றில் 'ஓனர் சொன்ன தேதி' என்று இருக்கும். அடுத்ததில் 'நாய் சொன்ன தேதி.' இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் முதல் கட்டத்தின் மேல் மெல்லிசாக ஒரு கோடு போடுவார். சந்தேகம் இருந்தால் அன்றைக்கு வாயே திறக்க மாட்டார். "அஞ்சு நாள் கழிச்சுக் கூட்டிட்டு வா" என்பதோடு சரி. எனக்கு அந்த நாளில் இதெல்லாம் கண் போதாதவர்களுக்கான சடங்காகத் தோன்றியது. எனக்குத்தான் கண் போதுமே.

பிறகு வேலையை விட்டுவிட்டு அஸ்தம்பட்டியில் சொந்த கிளினிக் வைத்தேன். மூடப்போகிற ஒரு ஸ்கேன் சென்டரிலிருந்து பழைய மெஷின் ஒன்றை வாங்கி, முறைப்படி பதிவும் செய்தேன். மனிதர்களுக்காகச் செய்த மெஷின் அது. நாய்க்குட்டியின் தலையை அளந்தால் பதினோரு வாரக் குழந்தை என்று சொல்லும். மெஷின் கூடவே வந்த போர்டையும் மாட்டினேன்: 'கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படமாட்டாது.' எங்கள் மாவட்டங்களில் அந்தப் போர்டு எதற்காக வேண்டியிருந்தது என்று எல்லாருக்கும் தெரியும். அதை நாய்களும் படித்துவிட்டு உட்கார்ந்திருந்தன.

ஒருநாள் சோதனைக்கு ஒரு அதிகாரி அம்மா வந்தார். ரிஜிஸ்டரைப் புரட்டினார்.

"கர்ப்பிணி பேரு டாமின்னு இருக்கு?"

"பொட்டைதாங்க மேடம். வூட்டுல அப்படிப் பேரு வெச்சுட்டாங்க" என்றார் என் கம்பவுண்டர் முருகேசன்.

"கணவர் பேரு போடலையே?"

"அது டாமிக்கே தெரியாதுங்களே மேடம்."

அந்த அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். இந்தக் கதையை நான் கல்யாண வீடுகளில் வருடக்கணக்காகச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். கணவர் பெயர் தெரியாத கட்டம் ஒருநாள் என் கழுத்தைப் பிடிக்கும் என்று அப்போது தெரியாது.

முதல் வருடத்திலேயே எனக்கு ஒரு வெற்றி கிடைத்தது. ஒரு புல்டாக் வயிற்றில் உடம்பெல்லாம் நீர் கோத்து ஊதிப்போன குட்டி ஒன்றைப் பிரசவத்துக்கு முன்பே கண்டுபிடித்தேன். அது இயல்பாக வெளியே வரமுடியாது, தாயும் போயிருக்கும். ஆபரேஷன் செய்து தாயையும் மற்றக் குட்டிகளையும் காப்பாற்றினேன். சரியாகத்தான் செய்தேன், தலையெல்லாம் அளந்து. ஆனால் ஜனங்கள், "டாக்டரு ஒரு பார்வை பாத்தாரு, சொல்லிப்புட்டாரு" என்று பேசினார்கள். நானும் திருத்தவில்லை. அதன் பிறகு ஒரு பார்வைதான் பார்த்தேன். அட்டவணையை மேசை இழுப்பறையில் போட்டேன். அதன்மேல் வேறு காகிதங்கள் சேர்ந்தன.

இருபது வருடத்துக்கு மேல் இருக்கும். ஜலகண்டாபுரத்திலிருந்து பழனிசாமி என்ற தறிக்காரரும் அவர் மனைவி சரோஜாவும் பிங்கியைக் கொண்டுவந்தார்கள். வெள்ளைப் பொமேரியன், முதல் சினை. சரோஜா பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தார். புடவை முழுக்க வெள்ளை முடி.

"ஏனுங்க டாக்டரு, குட்டி எத்தனைன்னு மட்டும் பாத்துச் சொல்லிப்போடுங்க. எங்க சொந்தக்காரங்க இப்பவே ஆளாளுக்குப் பேரு வெச்சுட்டு நிக்கறாங்க" என்றார் பழனிசாமி. சேலத்தில் ஒரு நல்ல ஜாதி ஆண் நாயிடம் கிராஸிங் விட்டதாகச் சொல்லி, தேதியைக் காலண்டர் தாளில் எழுதியே கொண்டுவந்திருந்தார். கணக்குப் போட்டேன். நாற்பத்தாறு நாள். சரோஜா நாயின் காதைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்திருந்தார். என் மேலதிகாரி நாயைப் பார்ப்பார் என்றேன். நான் திரையைப் பார்ப்பவன். நாயையும் பார்க்கவில்லை, அந்த அம்மாவின் முகத்தையும் பார்க்கவில்லை.

நாலு குட்டிகள் தெரிந்தன. இருதயம் நன்றாகத் துடித்தது. ஆனால் நாற்பத்தாறு நாளுக்கு மிகச் சிறிசாக இருந்தன. ஒன்றுக்கு வயிற்றுக்கு வெளியே, தொப்புள்கொடியின் அடியில், ஒரு சிறு உருண்டை. குடல். அடுத்த குட்டியைப் பார்த்தேன். அதற்கும் குடல் வெளியே. மூன்றாவதுக்கும். நாலாவதுக்கும். எனக்கு வருத்தம் வரவில்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதத்தில் எங்கள் சங்கக் கூட்டம். ஒரே ஈற்றில் எல்லாக் குட்டிக்கும் குடல் வெளியே, வளர்ச்சியும் நின்றிருக்கிறது. இப்படி ஒரு கேஸை நம் பக்கத்தில் யாரும் காட்டியதில்லை. கருவி நாயின் வயிற்றில் இருக்கும்போதே பேச்சுக்குத் தலைப்பு வைத்துவிட்டேன்.

நாலு குட்டிக்கும் ஒரே குறை இருந்தால் கொஞ்சம் அறிவுள்ளவன் என்ன நினைப்பான்? கணக்கில் ஏதோ கோளாறு என்று நினைப்பான். தலையை அளப்பான். நான் புல்டாக் டாக்டர் அல்லவா?

"உசுரு இருக்குதுங்களா?" என்று சரோஜா கேட்டார். அன்று அவர் பேசிய முதல் வார்த்தை.

"இருக்கும்மா, நாலு குட்டி. ஆனா எல்லாத்துக்கும் குடல் வெளியே இருக்கு, பொறந்தா தங்காது. உள்ளேயே செத்துச்சுன்னா தாய்க்கும் ஆபத்து. கர்ப்பப்பையோட எடுத்துடறது நல்லது."

"இன்னொருக்கா வந்து பாக்கோணுங்களா?" என்றார் பழனிசாமி.

வாயில் 'அஞ்சு நாள் கழிச்சு' என்று வந்தது. திரும்ப வரச்சொன்னால் எனக்கு நிச்சயமில்லை என்று நினைப்பாரே என்று விழுங்கிவிட்டேன். "தேவையில்லைங்க" என்றேன்.

மறுநாள் ஆபரேஷன். பிங்கிக்கு ஒரு குறையும் வரவில்லை; என் கை நல்ல கைதான். எடுத்த கர்ப்பப்பையைத் தட்டில் வைத்து, படம் எடுப்பதற்காகத் திறந்தேன். நாலு இல்லை, ஐந்து குட்டிகள். கட்டைவிரல் நீளம் ஒவ்வொன்றும். ஐந்தும் ஒன்றுபோல, அழகாக, எந்தக் குறையும் இல்லாமல் இருந்தன. கொடிக்குள் குடல் சின்ன முடிச்சாகச் சுருண்டிருந்தது. அந்த வயதில் எல்லா நாய்க்குட்டிக்கும் குடல் அங்கேதான் இருக்கும். வயிற்றுக்குள் இடம் போதாமல் சில நாள் கொடியில் தங்கிவிட்டு, நாற்பதாம் நாள் வாக்கில் தானாக உள்ளே போய்விடும். இரண்டாம் ஆண்டுப் பாடம். அதில் நான் நல்ல மார்க் வாங்கியிருந்தேன்.

முருகேசன் தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சார், இது முப்பத்தஞ்சு, முப்பத்தேழு நாளு குட்டியாட்ட இருக்குதுங்களே."

"மூடிட்டுத் துடைங்க" என்றேன். அவர் துடைத்தார். அதற்குப் பிறகு என்னிடம் வேலை பார்த்த பதினாறு வருடமும் அதைப் பற்றி அவர் மறுபடி பேசவில்லை. ஆனால் அன்றிலிருந்து ஒவ்வொரு சினை நாய்க்கும், நான் கேட்காமலே, சாருடைய அட்டவணையை இழுப்பறையிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போவார்.

வெளியே வந்து, "நல்ல வேளைங்க, தாயைக் காப்பாத்திட்டோம்" என்றேன். பழனிசாமி என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இதுவரை சொன்னது தவறு. இனிமேல் சொல்லப்போவது பாவம்.

பத்து நாள் கழித்துத் தையல் பிரிக்க வந்தார்கள். பழனிசாமி வெளியே நின்றார். கடைசித் தையலில் நான் இருந்தபோது சரோஜா குனிந்து மெல்லச் சொன்னார்.

"டாக்டருங்களே, ஒண்ணு சொல்லோணும். அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்க. சேலத்துல கிராஸிங் உட்டு ஒம்போது நாளு கழிச்சு, நானு தறியில இருந்தனுங்க. கதவு தொறந்து கெடந்துருச்சு. டீக்கடைச் செவலை நாயி உள்ள பூந்துருச்சு. வெரட்டறதுக்குள்ள..." அவர் நிறுத்தினார். "அதனாலதானுங்களா குட்டிக அப்படி ஆச்சு?"

நாற்பத்தாறில் ஒன்பது போனால் முப்பத்தேழு. முருகேசன் கண்ணால் பார்த்துச் சொன்ன கணக்கு. என் கையில் கத்தரி இருந்தது. உண்மையைச் சொல்ல ஐந்து நொடி போதும். குட்டிகள் நன்றாகத்தான் இருந்தன, நான்தான் அளக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம்.

"இருக்கலாம்மா" என்றேன். "ஜாதி கலந்தா சில சமயம் இப்படி ஆகறது உண்டு."

எங்கள் பக்கத்தில் அந்த வாக்கியத்துக்கு யாரும் ஆதாரம் கேட்க மாட்டார்கள். அது தெரிந்துதான் சொன்னேன். நாய்களில் உண்மை நேர் எதிர் என்பதும் எனக்குத் தெரியும். கலப்பில் பிறந்தவைதான் பெரும்பாலும் திடமாக இருக்கும். சரோஜா தலையை ஆட்டினார். தையல் சுத்தமாக வந்துவிட்டது.

சங்கக் கூட்டத்தில் பேசவும் செய்தேன். அதை நிறுத்தியிருக்கலாம், ஆனால் தலைப்பு அவ்வளவு நன்றாக இருந்தது. தட்டின் படத்தையும் வளர்ச்சி நின்ற பேச்சையும் விட்டுவிட்டு, ஸ்கேன் படத்தை மட்டும் காட்டினேன். கைதட்டினார்கள். கடைசி வரிசையில் ஓய்வுபெற்ற தேவசகாயம் சார் உட்கார்ந்திருந்தார்.

"தலை அளவு எவ்வளவுய்யா?" என்று கேட்டார்.

அளக்காத தலைக்கு, நாற்பத்தாறு நாளுக்கு உரிய அளவை அவருடைய அட்டவணையிலிருந்தே சொன்னேன். அவர் எழுந்து முன்னால் வந்தார். பையிலிருந்து அந்த எவர்சில்வர் ஸ்கேலை எடுத்தார். திரையில் இருந்த குட்டியின் தலைக்குக் குறுக்கே பிடித்து, படத்தின் ஓரத்தில் இருந்த அளவுக்கோட்டின் மேலும் ஒருமுறை பிடித்தார். ஸ்கேலைத் துடைத்துப் பையில் வைத்தார். "சரி, உக்காரு" என்றார். மற்றவர்கள் மூத்தவரின் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு மறுபடி கைதட்டினார்கள். அவர் சாகும் வரை நான் அவர் வீட்டுப் பக்கம் போகவில்லை.

கவிதாவின் மெஷினைப் பார்த்து வந்த மறுவாரம் ஜலகண்டாபுரத்துக்குப் பஸ் ஏறினேன். இத்தனை வருடம் போகாதவன் ஏன் போனாய் என்றால், சொல்ல வெட்கமாக இருக்கிறது. அளந்து பார்த்து உள்ளதைச் சொல்லும் யோக்கியதை ஒரு மெஷினுக்கு இருக்கிறதே என்று ரோஷம் வந்துவிட்டது.

வீடு மாறவில்லை. பக்கத்தில் தறிச்சத்தம். சரோஜா நரைத்திருந்தார். என்னை அடையாளம் தெரிய நேரம் ஆனது. தெரிந்ததும், "வாங்க, வாங்க. அவரு எடப்பாடிக்கு நூலெடுக்கப் போயிருக்காரு. மத்தியானம் வந்துருவாரு" என்று நாற்காலி போட்டார். வாசல் தூணில் ஒரு செம்பழுப்பு நாட்டு நாய் கட்டியிருந்தது. சங்கிலி இரண்டு முழம்தான்.

"இதும் பேரும் பிங்கிதானுங்க" என்றார்.

"பகல்லயும் கட்டித்தான் வெப்பீங்களா?"

"எங்கூட்டுல நாயி கட்டுலதானுங்க. அந்தப் பிங்கியும் சாகற வரைக்கும் எட்டு வருசம் இந்தத் தூணுலதான் கெடந்துச்சு. அந்தச் செவலையக்கூட லாரியில ஏத்தி எங்கியோ கொண்டுபோயி உட்டுட்டாங்க." அவர் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "மனசு கேக்காம, அவருகிட்ட நானே அழுதுட்டுச் சொல்லிட்டனுங்க, அப்பறமா. அன்னைலருந்து பாலு பொங்குனாலுஞ் சரி, நூலு அந்துபோனாலுஞ் சரி, 'ஒரு நாயப் பாத்துக்கத் துப்பில்ல'ங்கறதுதான். மருமக முன்னாடியும் அதான். பழகிப்போச்சுங்க."

நான் பஸ்ஸில் ஒத்திகை பார்த்து வந்த வாக்கியங்கள் மருத்துவச் சொற்களோடு இருந்தன. ஒன்றும் உதவவில்லை.

"சரோஜாம்மா, அந்தக் குட்டிங்க நல்லாதான் இருந்துச்சு" என்றேன். "ஒரு குறையும் இல்லை. செவலையோட குட்டிங்க, அதனால நீங்க சொன்ன தேதிக்கு ஒம்போது நாள் சின்னதா இருந்துச்சு. நான் தலையை அளந்திருந்தா தெரிஞ்சிருக்கும். அளக்கலை. அறுத்துப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நீங்க கேட்டப்ப பொய் சொன்னேன். அஞ்சு குட்டியும் நல்ல குட்டி."

பக்கத்துத் தறி ஓடிக்கொண்டே இருந்தது.

"அஞ்சுங்களா?" என்றார் கடைசியில். "நீங்க நாலுன்னு சொன்னீங்க."

"அதுவும் தப்பும்மா."

"நான் அன்னைக்கே உங்களக் கேட்டனில்லீங்க?" குரல் உயரவில்லை. "வாயத் தொறந்து கேட்டனில்லீங்க?"

அவர் எழுந்து தூணுக்குப் போய்ச் சங்கிலியைக் கழற்றினார். நாய் இரண்டு முழம் நடந்து, வழக்கமான இடத்தில் நின்று, திரும்பி அவரைப் பார்த்தது. "போ சாமி" என்றார். அது கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு வாசல்படி தாண்டி, மண்ணை மோந்துகொண்டே தெருவுக்கு இறங்கிவிட்டது.

நான் கிளம்பக் கையைக் கூப்பினேன். சேலம் பஸ்ஸுக்கு நேரமிருந்தது.

"உக்காருங்க" என்றார் சரோஜா. "அவரு வந்துருவாரு. எங்கிட்டச் சொன்னத அவருகிட்டயும் உங்க வாயாலயே சொல்லிட்டுப் போங்க."

உட்கார்ந்தேன். அவர் டீ கொடுத்தார். எதிரில் அமர்ந்து கீரை ஆய்ந்தார். இரண்டு பஸ் போன சத்தம் கேட்டது. சாப்பாட்டு நேரத்துக்கு மொபெட் வந்து நின்றது. பழனிசாமி நூல் மூட்டையை இறக்காமலே என்னைப் பார்த்துவிட்டார்.

"அடடே, டாக்டருங்களா! எங்க பிங்கியக் காப்பாத்துன மகராசன்! எத்தனை வருசமாச்சு!" என்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தவர், தூணில் வெறும் சங்கிலி கிடப்பதைப் பார்த்து நின்றார். முகம் மாறி மனைவி பக்கம் திரும்பினார். "ஏம்புள்ள, நாய யாரு அவுத்துவுட்டது?"

சரோஜா கீரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"டாக்டரையே கேளுங்க" என்றார்.

நான் எழுந்து நின்றேன்.